பெண்கள் பக்கத்து வீடியோக்காரி

கிழக்கிலங்கையில் எங்கள் சாய்ந்தமருதில் கல்யாண வீடு என்றால் இரண்டு வீடியோ எடுப்பார்கள். ஆண்கள் பக்கத்தை யாரும் எடுக்கலாம். பெண்கள் பக்கத்தை எடுக்க ஒரு பெண்தான் வரவேண்டும். நெடுங்காலமாக அந்தப் பெண் றாஹிலா ராத்தாதான். அக்காவை எங்கள் ஊரில் ராத்தா என்பார்கள்.

எனக்கு அவர் பக்கத்து வீடு. அவரைப் பற்றி ஊரில் இன்னும் ஒரு பொய் நடமாடுகிறது. உண்மை தெரிந்து அதை நம்புகிறவர்கள் மிகச் சிலர். அவர்களில் நானும் ஒருத்தி. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன், நேரம் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது புள்ள. ஆனா என்ட பிழையையும் சேத்து எழுது" என்றார்.

ராத்தாவின் கணவர் ஸ்டூடியோ வைத்திருந்தவர். கலியாணம் முடித்துச் சில வருஷத்திலேயே காய்ச்சலில் மௌத்தாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. வீட்டில் மிஞ்சியது ஒரு வீடியோ கமராவும், உம்மா வாப்பா இல்லாமல் ராத்தாவின் கையிலேயே வளர்ந்த தம்பி றவூபும்தான். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் முடிந்ததும் ராத்தா கமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீடுகளுக்குப் போகத் தொடங்கினார்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. பெண்கள் கூடியிருக்கும் அறைக்குள் போனதும் முதலில் கதவைச் சாத்துவார். ஜன்னல் திரைகளை இழுத்துவிடுவார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "இது நீங்க நம்பித் தந்த அமானிதம். எந்த ஆம்புளட கண்ணும் இதில படாது" என்பார். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் முக்காடுகள் இறங்கும். மருதோன்றி போட்ட கைகள் தட்டும். குமரிகள் பாடுவார்கள். வயதானவர்கள்கூட எழுந்து நாக்கைச் சுழற்றிக் குரவை போடுவார்கள். எடுத்த கசெட்டை ராத்தாவே வெட்டி ஒட்டி, கொப்பி அடித்து, பெண்ணின் உம்மாவின் கையில் மட்டும் கொடுப்பார். மூலக் கசெட் ராத்தா வீட்டு இரும்பு அலுமாரியில் இருக்கும். அதைப் பூட்டும் திறப்பு அவர் இடுப்பில் இருக்கும்.

ஒருமுறை, யுத்த காலத்தில், காரைதீவுப் பக்கம் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். கமராவைக் கண்ட ஆமிக்காரன், என்ன எடுத்தாய், போட்டுக் காட்டு என்றான். ராத்தா கல்யாணம் என்றார். அவன் நம்பவில்லை. ராத்தா கமராவைத் திறந்து கசெட்டை வெளியே எடுத்தார். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாடாவை விரலால் இழுத்து, இழுத்து, ஒரு பந்தாகச் சுருட்டி அவன் முன்னால் இருந்த மேசையில் வைத்தார். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். "பிஸ்ஸு", பைத்தியம், என்று சிங்களத்தில் சொல்லி விட்டுவிட்டான். கல்யாண வீட்டாரிடம் போய் நடந்ததைச் சொன்னபோது, படம் போய்விட்டதே என்று பெண் அழுதாள். பெண்ணின் உம்மாவோ, "இப்பிடி ஒருத்தி கையிலதான் குடுக்கணும்" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். அதற்குப் பிறகு ராத்தா இல்லாமல் பெண்கள் பக்கம் வீடியோ இல்லை என்றாயிற்று.

சுனாமி வந்தபோது கடற்கரைத் தெருக்கள் அப்படியே போயின. ராத்தாவின் வீடு பெரிய வீதிக்கு மேற்கே. தண்ணீர் முழங்கால் அளவு வந்து வடிந்தது. அலுமாரியின் கீழ்த்தட்டு நனைந்தது, மேல்தட்டுக் கசெட்டுகள் தப்பின.

இறந்தவர்களின் மையங்களை அடக்கி முடித்து, ஜனங்கள் முகாம்களில் இருந்த நாட்களில் பெண்கள் ஒவ்வொருவராக ராத்தாவைத் தேடி வந்தார்கள். கடல் கொண்டுபோன மகளின் படம் யாரிடமும் ஒன்றுகூட இல்லை. ராத்தாவின் அலுமாரியில் மட்டும் அந்தப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஸாலிஹா சாச்சி. கடலுக்கு நேரே வீடு. மகள் பஸ்மிலாவைக் கட்டிக்கொடுத்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பஸ்மிலா கடலோடு போனாள், அவளுடைய ஜனாஸா கிடைக்கவேயில்லை. சாச்சி ராத்தாவின் அறையில் நிலத்தில் இருந்துகொண்டு மகளின் மருதோன்றி வீடியோவைப் பார்ப்பார். அதில் பஸ்மிலா தலைமயிரை விரித்துவிட்டு, தோழிகளோடு சேர்ந்து குரவை போடப் பார்க்கிறாள். அவளுக்கு வரவில்லை, காற்றுத்தான் வருகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். "நாக்கச் சுழட்டுடி" என்று சாச்சியின் குரலும் அதில் கேட்கும். அந்த இடம் வந்ததும் சாச்சி திரும்பப் போடச் சொல்வார்.

சாச்சிக்கு வயல் பக்கம் சுனாமி வீடு கிடைத்ததும் ராத்தா கேட்டார், "சீடி ஒண்டு அடிச்சித் தரட்டா சாச்சி? வீட்டயே பாக்கலாமே."

"வேணாம் புள்ள. மகன்மார் இரிக்கானுகள், அவனுகட கூட்டாளிமார் வருவானுகள். ஆருட கையில அகப்படுமோ. உங்கிட்டயே இருக்கட்டும். அதான் எனக்குப் பத்திரம்."

நனைந்த அலுமாரியின் ஈரம் மேல்தட்டுக்கும் ஏறியது. கசெட் நாடாக்களில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியது. றவூப் அப்போது ஒரு நிறுவனம் நடத்திய கொம்பியூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான். வீட்டில் ஒரு கொம்பியூட்டரும் பொருத்தியிருந்தான். அவன்தான் சொன்னான், எல்லாக் கசெட்டையும் கொம்பியூட்டருக்குள் இறக்கி, வெளியே வைக்கும் ஒரு ஹாட் டிஸ்கில் போட்டுவிட்டால் பூஞ்சணமும் இல்லை, தண்ணீரும் இல்லை என்று.

"பொம்புளையள் இரிக்கிற கசெட்டுடா" என்றார் ராத்தா.

"நான் என்ன அந்நிய ஆம்புளயா ராத்தா? உங்கட தம்பி. நான் ஸ்கிரீன ஓப் பண்ணிப்போட்டு ஓட விடுவன்."

ராத்தா சிரித்துவிட்டாராம். தன் முன்னால் சட்டையில்லாமல் திரிந்த பயல், இவனுக்கு என்ன பயப்படுவது என்று. கல்முனையில் ஒரு கடையில் கொடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் கசெட் யார் யார் கண்ணிலோ படும். வீட்டுக்குள்ளேயே செய்ய ஒரு சொந்த இரத்தம் இருப்பதே அல்லாஹ் தந்த உதவி என்று நினைத்தார். அலுமாரித் திறப்பைக் கழற்றி அவனிடம் கொடுத்தார். எல்லாம் இறக்கி முடிந்ததும் பூஞ்சணம் பிடித்த கசெட்டுகளைக் கொல்லையில் போட்டு எரித்தார். இனி எல்லாம் ஒரே இடத்தில், கறுப்புப் பெட்டி ஒன்றுக்குள், மேசை லாச்சியில் பூட்டி இருக்கும் என்ற நிம்மதி அவருக்கு.

அதற்குப் பிறகு றவூப் நிந்தவூரில் கலியாணம் முடித்து அங்கே போய்விட்டான். கல்முனையில் போன் கடை போட்டான். ரீலோட், போன் திருத்துதல், மெமரி சிப்புக்குப் பாட்டு ஏற்றிக்கொடுத்தல். கடை நன்றாக ஓடியது. அவன் தன் குரலிலேயே ஒரு ரிங்டோன் செய்திருந்தான். "அஸ்ஸலாமு அலைக்கும், போனத் தூக்குங்க காக்கா, கடன்காரன் இல்ல!" என்று வரும். காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் எந்த பஸ்ஸில் ஏறினாலும் அது ஒரு தடவையாவது கேட்கும். ராத்தாவுக்கு அதில் பெருமை. "என்ட தம்பிட குரல்" என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்வார்.

யுத்தம் முடிந்தது. சாவடிகள் கழன்றன. தள்ளிப்போட்டிருந்த கல்யாணங்கள் எல்லாம் வரிசையாக நடந்தன. ஆனால் ராத்தாவைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். பிறகு இல்லாமலே போனார்கள். எல்லோர் கையிலும் கமரா போன் வந்துவிட்டது, இனி யாருக்கு வீடியோக்காரி என்று ராத்தா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். கல்யாண வீட்டில் கண்டால் சில பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போனார்கள். ஸாலிஹா சாச்சியும் வருவதை நிறுத்தினார். "மனசு ஆறிட்டுப் போல. அல்லாஹ் நல்லது செய்யட்டும்" என்று ராத்தா என் உம்மாவிடம் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பிறகு ஒருநாள் அந்த ஹாட் டிஸ்க் சத்தம் போடத் தொடங்கியது.

பல்லி சொல்வதுபோல டிக், டிக் என்று. கொம்பியூட்டரில் பொருத்தினால் சில நேரம் தெரியும், சில நேரம் தெரியாது. ராத்தா றவூபுக்குப் போன் எடுத்தார். அவன் உடனே சொன்னான், "அத விடுங்க ராத்தா. செத்துட்டு. ஆருக்கிட்டயும் காட்டவும் வேணாம், பொம்புளையள்ட படம். நான் வந்து கொண்டுபோய் உடைச்சி எறியிறன்."

அமானிதத்தில் தன்னைவிட அவன் கவனம் என்று ராத்தாவுக்குக் கண் கலங்கியதாம். ஆனாலும் பஸ்மிலா அதற்குள் இருக்கிறாள். சாச்சி வராவிட்டாலும், ஒருநாள் வந்து கேட்டால்? அவர் கொடுக்கவில்லை. ஒரு பெண்ணாகப் பார்த்துத் திருத்த முடியுமா என்று என்னிடம் கேட்டார். எனக்குக் கொம்பியூட்டர் படிப்பித்த தக்சாயினி மிஸ் கல்முனையில் இருக்கிறார் என்றேன்.

தக்சாயினி மிஸ் ஒரு லீவு நாளில் காலையிலேயே வந்துவிட்டார். கதவைச் சாத்தியதும், "என்னக்கா, ஹாட் டிஸ்க்குக்கும் முக்காடா?" என்று கேட்டார். ராத்தா சிரித்தார். அன்று அவர் சிரித்தது அது ஒன்றுதான்.

மிஸ் முதலில் பெட்டியைக் காதோடு வைத்துக் கேட்டார். பிறகு வயரை மாற்றினார், தான் கொண்டுவந்த ஒன்றைப் போட்டார். பிறகு கரண்ட் கொடுக்கும் அடப்டரை மாற்றினார். கடற்காற்றில் அடப்டரின் முனை பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. அதை மாற்றியதும் டிக் டிக் சத்தம் நன்றாகக் குறைந்தது. கொம்பியூட்டர் டிஸ்க்கைக் கண்டுபிடித்து, ஒரு கேள்வி கேட்டது. இந்த டிஸ்க்கைப் போமட் பண்ண வேண்டும், பண்ணவா என்று.

ராத்தா மவுஸைப் பிடித்தார். "ஓம் எண்டு குடுக்கட்டா?"

"ஐயோ அக்கா, கைய எடுங்க! ஓம் எண்டால் எல்லாம் போயிரும்." மிஸ் மவுஸைப் பறித்துக்கொண்டார். "இப்ப என்ன நடந்திரிக்குத் தெரியுமா? அலுமாரிக்குள்ள சாமான் கிடக்கு. எந்தத் தட்டில எது கிடக்கெண்டு சொல்ற ஆள்தான் செத்துட்டார். நாம அலுமாரியக் கொளுத்தப்படாது. தட்டுத் தட்டாத் தேடுவம்."

சாகக்கிடக்கிற டிஸ்க்கில் நேரே தேடக்கூடாது, அது தேடத் தேட இன்னும் சாகும் என்றார். முதலில் அதை அப்படியே, வெற்றிடங்களோடு சேர்த்து, ஒரு புது டிஸ்க்குக்குக் கொப்பி எடுக்கவேண்டும். பிறகு கொப்பியில் தேடலாம். டிஸ்க் சூடாகாமல் இருக்க மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பினோம். பழுதான இடங்கள் வரும்போது கொப்பி நின்று நின்று போனது. அப்போதெல்லாம் ராத்தா வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். மத்தியானம் ளுஹர் தொழுதுவிட்டு வந்தும் முடியவில்லை. பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும்போதுதான் முடிந்தது.

பிறகு கொப்பியில் தேடும் மென்பொருளை ஓடவிட்டார் மிஸ். பெயர்கள் திரையில் வர ஆரம்பித்தன. பஸ்மிலாவின் மருதோன்றியும் வந்தது. போட்டுப் பார்த்தோம். பஸ்மிலா நாக்கைச் சுழற்றுகிறாள், காற்று வருகிறது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று ராத்தா மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தச் சிவப்பு எழுத்தில வாறது என்ன மிஸ்?" என்று நான் கேட்டேன்.

"அது முந்தி ஆரோ அழிச்சது. இது அழிச்சதையும் தோண்டி எடுக்கும். பாருங்க, 'பழசு' எண்டு ஒரு கோப்புறை. நீங்க அழிச்சதா அக்கா?"

ராத்தாவுக்கு அப்படி ஒன்று தெரியாது. மிஸ் திறந்தார். சின்னச் சின்ன வீடியோக்கள். போனில் ஓடும் அளவுக்குச் சுருக்கியவை. மிஸ் ஒன்றைத் தட்டினார்.

ஒரு கல்யாண அறை. முக்காடு இல்லாத குமரிகள் கைதட்டி ஆடுகிறார்கள். பெண்ணின் முகத்துக்குக் கிட்ட, அவள் குனிந்து நிமிரும் இடம் மட்டும் வெட்டி, மறுபடி மறுபடி வரும்படி ஒட்டியிருந்தது. அடியில் ஏதோ சினிமாப் பாட்டு. ராத்தா எடுத்த வீடியோ. ராத்தா போடாத பாட்டு.

அடுத்தது இன்னொரு வீடு. அடுத்தது இன்னொன்று. பிறகு பஸ்மிலா. விரித்த தலைமயிர். சிரிப்பு. அந்தச் சிரிப்பின் கீழேயும் ஒரு பாட்டு.

"நிப்பாட்டுங்க" என்றார் ராத்தா.

மிஸ் நிறுத்தப் போய், அவசரத்தில் பக்கத்தில் இருந்த இன்னொன்றைத் தட்டிவிட்டார். அது வீடியோ இல்லை. அறை முழுக்க ஒரு குரல்:

"அஸ்ஸலாமு அலைக்கும், போனத் தூக்குங்க காக்கா, கடன்காரன் இல்ல!"

ராத்தாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மிஸ்ஸுக்கு அந்தக் குரல் யாருடையது என்று தெரியாது. எங்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். தேவையானதை எல்லாம் ராத்தாவுக்கு எடுத்துவைத்துவிட்டு, அந்தப் 'பழசை' எடுக்காமல் விட்டு, தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டார்.

டிஸ்க் சரியாகிவிட்டது, வந்து பார் என்று மட்டும் ராத்தா போனில் சொன்னார். மறுநாளே றவூப் வந்தான். கையில் ஒரு வத்தகப்பழம். வாசலில் கால் வைக்கும்போதே, "ஆரு ராத்தா திருத்தின? ஆருக்கிட்டக் குடுத்த?" என்றான்.

"ஒரு பொம்புளப்புள்ள. அழிச்சதையும் தோண்டி எடுத்திட்டா."

அவன் வத்தகப்பழத்தை நிலத்தில் வைத்தான். வைத்த கையை எடுக்கவில்லை.

நான் எங்கள் வீட்டு வேலிக்குப் பின்னால் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வாசல் தெரிந்தது, எல்லாம் கேட்டது.

"அப்ப சின்ன வயசு ராத்தா. கடை போடணும் எண்டு நிண்ட நேரம். கூட்டாளிமார் கேட்டானுகள், சிப்புல ஏத்திக் குடுத்தன். பிறகு பயந்து எல்லாத்தையும் அழிச்சிட்டன். வல்லாஹி, சத்தியமா அழிச்சிட்டன்."

"இஞ்ச இரிந்தத அழிச்சாய். போனுகள்ல இரிக்கிறத?"

ராத்தாவே தொடர்ந்தார்.

"மௌத்தான புள்ளடா அது. கபுறுக் குழி கூட இல்லாத புள்ள. அதுக்கும் பாட்டுப் போட்டியா?"

"அது மௌத்தான புள்ள எண்டு எனக்குத் தெரியாது ராத்தா."

"ஸ்கிரீன ஓப் பண்ணிப்போட்டு ஓட விடுவன் எண்டாய்."

ராத்தாவின் குரல் தாழ்ந்தது. "ஊருல என்னய ஒருத்தியும் கல்யாணத்துக்குக் கூப்பிடல்ல. நான் போன் வந்ததாலயெண்டு நினைச்சன். அவங்க நான்தான் வித்ததெண்டு நினைச்சிருக்காங்க. உனக்குத் தெரியுமா?"

ராத்தா மறுபடியும் கேட்டார்.

"கேக்கன், தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் இரிந்தாய்?"

"நான் எண்டு தெரிஞ்சா கடைய உடைச்சிருப்பானுகள், ராத்தா. என்னய வெட்டியிருப்பானுகள். நீங்க பொம்புள. உங்கள ஆரும் ஒண்டும் செய்யமாட்டாங்க. கதைக்கத்தான் செய்வாங்க."

அவன் போகும்போது பழத்தை எடுத்துப் போகச் சொன்னார் ராத்தா. அவன் எடுக்கவில்லை. அது வாசலிலேயே கிடந்து, ஆடு வந்து தின்றது.

அந்த வாரமே ராத்தா பஸ்மிலாவின் வீடியோவை மட்டும் ஒரு சீடியில் ஏற்றி எடுத்துக்கொண்டு வயல் பக்கத்து வீட்டுத்திட்டத்துக்குப் போனார். துணைக்கு என்னைக் கூட்டிப் போனார். ஸாலிஹா சாச்சி வாசலில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. ராத்தா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். டிஸ்க் பழுதானது, திருத்தியது, உள்ளே இருந்தது, றவூப் சொன்னது. ஒன்றையும் மறைக்கவில்லை.

சாச்சி கடைசி வரைக்கும் நெல்லைக் காலால் துழாவிக்கொண்டே கேட்டார்.

"என்ட மகன் கடற்கரை மீன் வாடியில வெச்சுப் பாத்திரிக்கான். ஒருத்தன்ட போனுல. தன்ட ராத்தாட படம் எண்டு தெரிஞ்சு போனப் பறிச்சு கல்லுல அடிச்சிட்டு வந்தான். வீட்ட வந்து அழுதான். அண்டையில இரிந்துதான் நான் வரல்ல."

"என்னட்ட வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே சாச்சி."

"கேட்டா நீ இல்லெண்டு சொல்லுவாய். அலுமாரித் திறப்பு உன்ட இடுப்பில. நான் எத நம்புற?"

"நான் செய்யல்ல."

"செய்யல்ல. சரி. திறப்பக் குடுத்தது ஆரு?"

"தம்பிதானே எண்டு..." ராத்தாவால் முடிக்க முடியவில்லை.

சாச்சி அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். "உனக்குத் தம்பி. உனக்கு முன்னால அவன் வரலாம், போகலாம். என்ட மகளுக்கு அவன் ஆரு? எந்த ஆம்புளட கண்ணும் படாது எண்டு சொல்லித்தானே கதவச் சாத்தின? உன்ட தம்பி ஆம்புள இல்லையா, றாஹிலா?"

இதைத்தான் ராத்தா தன் பிழை என்று என்னை எழுதச் சொன்னார். கடைக்காரன் அந்நியன், ஆமிக்காரன் அந்நியன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தன் தம்பி மற்ற எல்லாப் பெண்களுக்கும் அந்நியன்தான் என்பது கடைசிவரைக்கும் தோன்றவில்லை. சோதனைச்சாவடியில் துப்பாக்கிக்கு முன்னால் காத்த ஒன்றை, வீட்டுக்குள் சிரித்துக்கொண்டே கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

சாச்சி சீடியை வாங்கிக்கொண்டார். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அழிஞ்சத எடுத்துட்டியள். பரவினத அழிக்க ஏலுமா?"

"ஏலா, சாச்சி."

"ம்." சீடியை முந்தானையில் முடிந்துகொண்டார். "வேற கொப்பி உங்கிட்ட இரிக்கா?"

"அந்த டிஸ்க்கில இரிக்கு."

"அத அழிச்சிரு. தோண்டினாலும் வராத மாதிரி அழிச்சிரு."

ராத்தா தலையாட்டினார். நாங்கள் திரும்பி நடக்கும்போது சாச்சி உள்ளே போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் சீடி போடும் பெட்டி இருக்கிறதா என்று நாங்கள் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ராத்தா மற்ற வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகப் போனார். சிலர் சீடியை வாங்கினார்கள். சிலர் கதவே திறக்கவில்லை. றவூபின் பெயரைச் சொன்னபோது ஒரு வீட்டில், "இப்ப தம்பிட தலையில போடப் பாக்காள்" என்று அவர் காதுபடவே சொன்னார்கள். எல்லாம் கொடுத்து முடிந்ததும் பழைய டிஸ்க்கை அம்மிக்குழவியால் உடைத்தார். புது டிஸ்க்கை எப்படி அழிப்பது என்று தக்சாயினி மிஸ்ஸிடம் கேட்டு, மிஸ் சொன்னபடி மேலுக்கு மேல் எழுதி அழித்தார். கமராவையும் விற்றுவிட்டார். இப்போது வீட்டில் உடுப்புத் தைக்கிறார். கதவைத் திறந்துவைத்துத்தான் தைக்கிறார்.

அன்று சாச்சி வீட்டிலிருந்து வரும்போது பெரிய வீதிக்கு வந்து பஸ் ஏறினோம். நெருக்கம். ராத்தாவுக்கு மட்டும் ஒரு சீட் கிடைத்தது. சந்தை தாண்டியதும் பின்னால் யாருடைய போனோ அடித்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும், போனத் தூக்குங்க காக்கா, கடன்காரன் இல்ல!"

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். ராத்தாவுக்குப் பக்கத்தில் இருந்த பெண் அவரை யார் என்று தெரியாமல், "ஆருட குரலோ, நல்ல பகிடிக்காரன்" என்றாள்.

ராத்தா, "ஓம்" என்றார். முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, இறங்கும் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.